ஐந்து வீட்டுச் சிவப்புத் துண்டு

கட்கி பஜாருக்குப் பின்னால் ரயில் பாதை ஓரமாக இருந்த நம் சாளில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், முதலில் எழுந்துபோய் உங்கள் அம்மாவின் பழைய பெட்டியை ஒரு தரம் கிளறிப் பார்த்துவிட்டு வாருங்கள். அடியில் எங்காவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிவப்புத் துண்டு இருக்கும். வெள்ளைப் பொடிப்பூ போட்டது. பர்பி மாதிரி சாய்வாக வெட்டியது. இருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதிப் பேர் பெட்டியையே ஒளித்து வைத்துவிடுவீர்கள்.

என்னடா இவள் எடுத்த எடுப்பிலேயே நம்மைச் சந்தேகப்படுகிறாளே என்று நினைக்காதீர்கள். எனக்கு அது பிறந்த வீட்டுச் சீதனம். அம்மா பால்காரன் ஊற்றிய பாலைத் தரையில் ஒரு சொட்டு விட்டு, அது ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். காய்கறி விற்கிற பாஜிக்காரியின் தராசுத் தட்டை விரலால் தூக்கி அடியில் தடவிப் பார்ப்பாள். அப்பா ஷிப்டு முடிந்து வர ஒரு மணி நேரம் தாமதமானால், கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்துவிட்டுத்தான் சோறு போடுவாள். இன்று மகர்பட்டாவில் மகன் வீட்டில் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, மருமகள் தருகிற மாத்திரையை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நானும் விழுங்குகிறேன். அவள் நல்ல பெண்தான். இருந்தாலும் பார்க்கிறேன்.

சாள் உங்களுக்கு நினைவிருக்கும். முற்றத்தை மூன்று பக்கமும் வளைத்துத் தகரக் கூரை போட்ட அறைகள், முன்னால் நீள வராந்தா, முற்றத்தில் ஒரு குழாய், துவைக்கிற கல். முதல் அறையில் வீட்டுக்கார மராத்தி அம்மா, எல்லாருக்கும் அவர் மாவுஷி. அப்புறம் வரிசையாக நம் ஆட்கள், முக்கால்வாசி வட ஆற்காட்டுக்காரர்கள், ஆண்கள் எல்லாரும் ஒரே ஃபாக்டரியில் வேலை. கடைசி அறையில் மட்டும் தையல் அத்தை. அவர் திருநெல்வேலிப் பக்கம், கிறிஸ்தவர். கணவர் கேம்ப்பில் ஏதோ ஒரு மெஸ்ஸில் சமையல்காரர், வாரத்தில் ஒருநாள் வந்து போவார். ஒரே மகள், என் அக்கா வயது. நம் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட், நமக்கெல்லாம் கவுன், பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம் அந்தக் கடைசி அறைத் தையல் மிஷினில்தான் உருவாயின.

தையல் அத்தைக்கு ஒரு பழக்கம். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும்போது வெட்டிப்போட்ட மிச்சத் துண்டுகளையெல்லாம் ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். ஊரில் எந்தத் தையல்காரர் அப்படிக் கொடுப்பார்? மற்றவர்கள் அதை வாங்கிக் கரித்துணியாக்கினார்கள். எங்கள் அம்மா மட்டும் மூட்டையைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் ஒட்ட ஒட்ட அடுக்கி, நடுவில் ஜாக்கெட்டையும் விரித்து வைத்து, கொடுத்த துணி முழுசாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று கூட்டிப் பார்ப்பாள். ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிடும்.

இப்போது அந்தச் சிவப்புத் தீபாவளிக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஃபாக்டரி ஸ்டோரில் தீபாவளிக்கு ஒரே ஒரு நல்ல துணி வந்திருந்தது. சிவப்புப் பருத்தி, வெள்ளைப் பொடிப்பூ. ஃபாக்டரி கார்டு உள்ளவர்களுக்குத்தான் அந்த ஸ்டோரில் துணி. அப்பாக்கள் எல்லாரும் ஒரே தானிலிருந்து, ஒரே துணிச் சுருளிலிருந்து, கிழித்து வாங்கி வந்தார்கள். அம்மாக்களுக்கு அதில் ஜாக்கெட், பெண்பிள்ளைகளுக்கு அதிலேயே கவுன். நேரம் இல்லாததால் யாரும் துணியை நனைக்கவில்லை, அப்படியே தையல் அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். தீபாவளியன்று வராந்தாவில் நாம் எல்லாரும் சிவப்பாக வரிசையில் நின்றதைப் பார்த்து மாவுஷி, பாண்டு வாத்தியக்காரர்கள் வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

மறுவாரம் துவைத்தபோது வந்தது வினை. அந்தச் சிவப்பு போன போக்கில் பக்கெட்டில் கிடந்த அத்தனையையும் சாயமடித்துவிட்டது. அப்பாவின் பனியன், வேட்டி, தலையணை உறை எல்லாம் ரோஜா நிறம். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும். வெள்ளைப் பனியனுக்குப் பேர்போன உங்கள் அப்பாக்கள் அடுத்த மழைக்காலம் வரை சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஃபாக்டரிக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கப்புறம் சாளில் எந்த வீட்டுக்குப் புதுத்துணி வந்தாலும், கைக்குட்டையாக இருந்தாலும், முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள்.

அதற்குப்பின் ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். எங்கள் அக்காவும் தையல் அத்தையின் மகளும் சேர்ந்தே மெட்ரிக் முடித்தார்கள், சேர்ந்தே கோலாப்பூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டார்கள், ஒரே பஸ்ஸில் போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தார்கள். அத்தை மகளுக்கு இடம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அக்கா ஒருநாள் முழுக்க அழுதுவிட்டு, மறுவாரமே டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்துகொண்டாள். இங்கிலீஷில் கேட்டார்கள், எனக்கு வாயே வரவில்லை என்று அவளே சொன்னாள். அம்மா அதை நம்பவில்லை. சர்ச்சில் சொல்லிவைத்திருப்பார்கள், நம் பெண்ணைப் பற்றி அங்கே ஏதாவது போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று வரிசையாகக் காரணம் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கடைசி அறைப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் கண் சுருங்கும்.

ஜூனில் அத்தை மகள் கிளம்ப வேண்டும். ஹாஸ்டலுக்குப் படுக்கை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கோலாப்பூர் மழையும் குளிரும் பொல்லாதது, கடையில் பஞ்சு வைத்த ரஜாய் வாங்க வசதியில்லை. அதனால்தான் தையல் அத்தை கோதடி தைக்க உட்கார்ந்தார். மராத்திக்காரர்கள் பழைய புடவைகளை அடுக்கடுக்காகப் போட்டு, மேலிருந்து கீழ்வரை கையால் ஓட்டித் தைப்பார்களே, அந்தக் கோதடி. அடுக்கு போடவும் ஓட்டவும் மாவுஷி கூட வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். கோதடிக்குப் புதுத்துணி ஆகவே ஆகாது, உடுத்தி உடுத்தி மெத்தென்று போன துணிதான் உடம்பில் ஒட்டும், புதுசு போட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும் என்றார். இதை அவர் வராந்தாவில் நின்று சாள் முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொன்னார். எல்லாரும் கேட்டோம்.

ஆனால் அத்தைக்கு வெறும் புடவைக் கோதடியில் மனம் நிற்கவில்லை. மேல் அடுக்கில் ஒரு நட்சத்திரம் வேண்டும் என்றார். டிசம்பரில் அவர் வீட்டு வாசலில் மூங்கிலும் காகிதமும் ஒட்டி ஒரு நட்சத்திரம் தொங்கவிடுவாரே, அதையே துணியில் கொண்டுவந்துவிட வேண்டும், மகள் எங்கே போய்ப் படுத்தாலும் வீட்டு வாசலில் படுத்த மாதிரி இருக்க வேண்டும் என்று.

கோடை விடுமுறை. நான் மத்தியானமெல்லாம் அங்கேதான் கிடப்பேன். தகரக் கூரை கொதிக்கும். மிஷின் எண்ணெய் வாடையும் சாக்பீஸ் பொடி வாடையும் கலந்து அடிக்கும். அத்தை தரையைத் துடைத்துவிட்டு, ஒரு ஆணியில் நூலைக் கட்டி மறுமுனையில் சாக்பீஸைப் பிடித்து ஒரு பெரிய வட்டம் போட்டார். அதை எட்டாகப் பிரித்து எட்டுக் கை இழுத்தார். ஒவ்வொரு கைக்குள்ளும் பர்பி பர்பியாகக் கட்டம். பழைய காலண்டர் அட்டையில் ஒரு பர்பி வெட்டி, அதை வைத்துத்தான் எல்லாத் துண்டையும் வெட்டினார். துணி எங்கிருந்து வந்தது என்று நான் கவனிக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் துண்டுகள் வெட்டி, தேய்த்து, ஒரு தட்டில் நிறவாரியாக அடுக்கியிருக்கும். நடுவில் எட்டுச் சிவப்பு. அதைச் சுற்றி மஞ்சள், அப்புறம் பச்சை, நுனியில் நீலம்.

சாய்வாக வெட்டிய துணி இழுத்த பக்கம் போகும். ஒரு துண்டு ஒரு நூல் அளவு பிசகினாலும் எட்டாவது கையைச் சேர்க்கும்போது நடுவில் தொப்பை விழும். முதல்தடவை சேர்த்தபோது அப்படித்தான் விழுந்தது. அத்தை முழுக்கப் பிரித்தார். நூலை மெழுகுவத்தியில் இழுத்து இழுத்து, மிஷினை விட்டுவிட்டுக் கையாலேயே மறுபடி சேர்த்தார். எட்டுச் சிவப்பு முனையும் ஒரே புள்ளியில் வந்து உட்கார்ந்தபோது, அவர் அதன்மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்துத் தடவச் சொன்னார். ஒரு மேடு பள்ளம் இல்லை. இதை எழுதும்போதுகூட அந்தத் துணி என் விரலில் தட்டுப்படுகிறது. எவ்வளவு மெத்தென்று இருந்தது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். பத்து வயதில் யார் யோசிப்பார்கள்?

மே மாதக் கடைசியில் மாவுஷி சாத்தாராவுக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், அத்தை நட்சத்திரத்தை வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து முடித்து, முற்றத்துக் கயிற்றில் வெயிலுக்குப் போட்டார். முழு நட்சத்திரத்தைச் சாள் பார்த்தது அன்றைக்குத்தான். குழாயடியில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்போது எங்கள் அம்மா நடுவில் விரலை வைத்தாள்.

"இது என் தீபாவளி ஜாக்கெட்டு துணியாச்சே."

அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, இல்லை, அது தன்னுடையது என்றார். குழாயடி வீட்டுக்காரி தன்னுடையது என்றார். இப்படி அங்கே நின்ற ஐந்து வீட்டுக்காரிகளும் அந்தச் சிவப்பை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரே தானில் கிழித்த துணி எல்லார் கண்ணுக்கும் தன்னுடையதாகத்தானே தெரியும்? அது யாருக்கும் உறைக்கவில்லை. தையல் அத்தைக்கு ஃபாக்டரி கார்டு கிடையாது, ஸ்டோர் துணி அவர் கைக்கு எப்படி வரும், நம் ஜாக்கெட்டில் வெட்டிய துணியாகத்தான் இருக்கும் என்று கணக்கு நேராகப் போய் முடிந்தது. அதுதான் அந்த வருஷம் கைப்பக்கம் பிடித்ததா என்று ஒருத்தர் கேட்டார். மூட்டை கட்டிக் கொடுத்ததெல்லாம் கண்துடைப்பா என்று இன்னொருத்தர் கேட்டார்.

அத்தை கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். தன் பக்கத்தை அவர் சொல்லவே இல்லை.

"எது எது யாரு துணின்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து பேரும் ஆளுக்கொரு சிவப்பைத் தொட்டுக் காட்டினார்கள். அத்தை தலையாட்டிக்கொண்டு, கயிற்றிலிருந்து உருவி, மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் மிஷின் சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் அத்தை வீடு வீடாக வந்தார். யார் எதைத் தொட்டுக் காட்டினார்களோ அந்தத் துண்டை, நூலெல்லாம் பிரித்து, தேய்த்து, அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நடுப்புள்ளி போனபின் நட்சத்திரம் எப்படி நிற்கும்? முழுவதையும் பிரித்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். அவள் மட்டும்தான் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அத்தைக்கு யாரும் துணி தைக்கக் கொடுக்கவில்லை. கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்தத் துண்டை வைத்து அக்காவின் டைப்ரைட்டிங் வகுப்புப் பைக்கு ஒரு பூ வைத்துத் தைக்கலாம் என்று அம்மா தீர்மானித்தாள். பை வெள்ளை. பழக்கத்தை விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எவர்சில்வர் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கரைத்து அதில் துண்டைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து எட்டிப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

எங்கள் சாள் முழுக்கச் சாயமடித்த துணி அது. வெட்டியபோது மிஞ்சியதை அத்தை எடுத்து வைத்திருந்தால் அது தண்ணியே பார்க்காத துணியாக இருந்திருக்க வேண்டும், கிண்ணம் முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். அம்மா துண்டை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓர் ஓரமாகப் பழைய தையல் துளைகள் நெருக்க நெருக்கமாக ஒரே வரிசையாகத் தெரிந்தன. இடுப்புச் சுருக்கம் வைத்த துளைகள். ஜாக்கெட்டில் ஏது சுருக்கம்?

"அது அவ கவுன்மா" என்றாள் அக்கா. "அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போட்டிருந்தா. நான் பாத்தேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"அன்னிக்கு நான் டைப்பிங் கிளாஸ்ல இருந்தேன். வந்து சொன்னேன், நீ கேட்டியா?"

அது உண்மைதான். சொன்னாள். சிநேகிதிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அம்மா அவளை அடக்கிவிட்டாள்.

"அவங்களுக்கு ஏதுடி கார்டு? ஸ்டோர் துணி எப்படி வந்துது?" என்றாள் அம்மா.

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். தீபாவளிக்கு மீந்த துணி. பொண்ணுக்கு கிறிஸ்துமஸ் கவுன் தைக்கணும்னு கேட்டாங்க. காசு குடுத்தாங்க, என் கார்டுல எடுத்தாந்து குடுத்தேன்."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார். அப்பாமேல் எனக்கு இன்றுவரைக்கும் கோபம் உண்டு. முற்றத்தில் அத்தனை பேச்சு நடந்தபின், அன்றைக்கு ராத்திரியே அவர் வாயைத் திறந்திருந்தால் நட்சத்திரம் பிழைத்திருக்கும். பெண்டாட்டியின் சந்தேகத்துக்குப் பயந்து இன்னொருத்தியைத் திருடியாக விட்டுவிட்டார். நல்ல மனுஷன், ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவர் என்று உங்கள் வீடுகளில் அவரைச் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு இப்போது இரண்டு பக்கமும் இடி. துண்டு நம்முடையது இல்லை என்று முற்றத்தில் சொன்னால், அப்படியென்றால் ஸ்டோர் துணி அங்கே எப்படிப் போனது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் சாளில் என்ன பேசுவார்கள் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இன்னொருத்தர் வீட்டில் நடந்திருந்தால் அவளே முதலில் பேசியிருப்பாள். அந்த வாரம் அப்பாவின் சட்டையை அவள் தினம் இரண்டு தரம் முகர்ந்து பார்த்தாள்.

கடைசியில் ஒருநாள், குழாயடி காலியாக இருக்கிற மத்தியான நேரம் பார்த்து, துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். மாவுஷி ஊரிலிருந்து திரும்பி வந்திருந்தார். இரண்டு பேரும் தரையில் கோதடியை விரித்து எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் அடுக்கு வெறும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் பிரித்த நட்சத்திரத்தின் ஊசித்துளைகள் தெரிந்தன.

அம்மா முந்தானையை அவிழ்த்துத் துண்டை நீட்டினாள். "அக்கா, இது என்னுது இல்ல. வெச்சிக்கோங்க. இன்னும் நாள் இருக்குது, தெச்சிடலாம்."

அத்தை ஊசியை நிறுத்தவில்லை. "எல்லாரும் நிக்கும்போதுதான உங்க துணின்னு சொன்னீய? இல்லைன்னா அதையும் எல்லாரும் நிக்கும்போதே சொல்லுங்க. வாங்கிக்கிடுதேன்."

குரல் உயரவில்லை. அதில் கோபம்கூட இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாவுஷி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துண்டை மறுபடி முடிந்துகொண்டு திரும்பினாள். வழியில் என்னிடம், மற்ற நாலு துண்டும் யாருடையதோ யார் கண்டது, நம்முடையது தப்பு என்றால் அதுவும் தப்பா என்ன என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டாள். தப்பு தன்னுடையது மட்டும் என்று நினைப்பது அவளுக்கு வசதியாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அத்தை மகள் கிளம்பிய அன்று காலையில்தான் முதல் மழை. ரிக்‌ஷா வாசலில் நின்றது. என்ன பேசினாலும் ஊருக்குப் போகிற பெண்ணை வழியனுப்ப வராமல் இருப்பார்களா? எல்லாரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். கோதடி நனையாமல் இருக்க பிளாஸ்டிக் தாளில் சுற்ற வேண்டும் என்று அத்தை அதை ஒரு தடவை விரித்தார். அப்போதுதான் பார்த்தோம். பிரித்த துளைகளிலேயே சிவப்பு நூலை விட்டு ஓட்டியிருந்தார். வெள்ளைக்கு நடுவில் எட்டுக் கை நட்சத்திரம், வெறும் நூலால். உள்ளே துணி இல்லை.

நான் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முந்தானை முடிச்சுக்குப் போனது. முடிச்சு அவிழ்ந்தது. சிவப்பு வெளியே தெரிந்தது. எல்லாரும் நின்றார்கள், அத்தை சொன்ன மாதிரியே. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுப் பெரியம்மா அம்மாவின் காதுக்குள், "இன்னா இருந்தாலும் கை சுத்தமா இருக்கணும்" என்று முணுமுணுத்தார். அம்மாவின் விரல்கள் மறுபடி முடிச்சைப் போட்டன. ரிக்‌ஷா போய்விட்டது. அக்கா மட்டும் மழையில் இறங்கித் தெருமுனை வரைக்கும் ஓடினாள்.

அதற்கப்புறம் அத்தை எங்களுக்குத் தைக்கவில்லை. எங்கள் ஜாக்கெட்டுகள் பஜாரில் ஒரு கடைக்குப் போயின. அவன் மிச்சத்துணி தரவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. சில வருஷத்தில் அவர்கள் கேம்ப் பக்கம் குடிபோனார்கள். நாமும் ஒவ்வொருவராகக் கலைந்தோம், சாளையும் இடித்தார்கள்.

இவ்வளவு நாள் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பேரன் கல்யாணம். பெரியம்மாவின் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜாமூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அந்த நட்சத்திரம் வந்தது. அவள் சட்டென்று ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவும் அதை உப்புத் தண்ணியில போட்டாங்கடி. தண்ணி அப்படியே இருந்துச்சு. எங்க துண்டு மட்டுந்தான் தப்பு, மத்த நாலும் சரின்னு நெனச்சிக்கினு கடைசி வரிக்கும் யார்கிட்டயும் சொல்லல."

எதிரில் உட்கார்ந்திருந்த மூலை வீட்டு மகன், நம் வயதுக்காரன்தான், போசரியில் பட்டறை வைத்திருந்தவன், மெதுவாகச் சொன்னான். அவர்கள் வீட்டிலும் அதே கதை. சொம்பில் போட்டுப் பார்த்தார்களாம்.

சாயத்துக்குப் பயந்து புதுத்துணியை நனைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்ததே. அப்படியென்றால் அந்த ஜூன் மாதம் ஐந்து வீட்டிலும் ஐந்து பாத்திரத்தில் தண்ணீர் தெளிவாகவே இருந்திருக்கிறது. ஐந்து பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து பேரும் வராந்தாவில் தோளோடு தோள் இடிக்க நின்று, அடுத்தவள் துண்டுதான் நிஜம் என்று நம்பிக்கொண்டு, அந்தப் பெண்ணை வெறும் நூல் நட்சத்திரத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். கை சுத்தம் பற்றிப் பேசிய பெரியம்மா, அந்தத் துண்டைத் தன் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார். பக்கத்து வீட்டைச் சந்தேகப்படுவதில் ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிய நம் அம்மாக்களுக்கு, அந்த ஒரு தடவை மட்டும் பக்கத்து வீட்டைச் சந்தேகப்படத் தெரியாமல் போய்விட்டது.

அத்தை போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. மகள் கோலாப்பூரில் பெரிய நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆகி, அங்கேயே இருக்கிறாள். அக்காவும் அவளும் இன்றும் போனில் பேசிக்கொள்கிறார்கள். கோதடி இருக்கிறதா என்று அக்காவைக் கேட்கச் சொன்னேன். இருக்கிறதாம். பாக்கி மூன்று சிவப்புத் துண்டையும் அத்தை அதன் ஓரத்து மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். விரலால் தடவினால் தட்டுப்படும், நான் பிரித்ததில்லை என்றாளாம்.

அம்மாவின் துண்டு என்னிடம் இருக்கிறது. பெரியம்மா மகள் தன்னுடையதைத் தேடி எடுத்துவிட்டாள். மூலை வீட்டிலும் கிடைத்துவிட்டது. அங்கே மூன்று, இங்கே மூன்று. இன்னும் இரண்டு வீடு பாக்கி. எந்தெந்த வீடு என்று பேர் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். தீபாவளி கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோலாப்பூர் போகிறோம். தபாலில் அனுப்புகிறேன், கொரியரில் போடுகிறேன் என்றெல்லாம் சொல்லாதீர்கள். எல்லாரும் நிற்கும்போது, அவள் கையில் கொடுத்து, இது எங்கள் துணி இல்லை, உன் கவுன் துணி என்று வாயால் சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்வதும் மாட்டேன் என்பதும் அவள் இஷ்டம்.

இன்னொன்று. துண்டு தொலைந்துபோய்விட்டது என்றால் தொலைந்தது என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். கௌரவத்துக்காகக் கடையில் அதே மாதிரி சிவப்பு வாங்கி வெட்டிக்கொண்டு வந்து நீட்டாதீர்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பேன்.